சோலார் மலிவாகிவிட்டதே, இனி அரசின் கொள்கை எதற்கு?

கேள்வி இதுதான்: சூரிய மின்சாரம் புதிய நிலக்கரி மின்சாரத்தைவிட மலிவாகிவிட்டது என்கிறார்கள். அப்படியிருக்க, புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு மாற ஒரு நாட்டின் எரிசக்திக் கொள்கை இனி என்ன செய்ய வேண்டியிருக்கிறது? சந்தையே பார்த்துக்கொள்ளாதா?

பார்த்துக்கொள்ளாது. இந்தியாவை வைத்தே சொல்கிறேன். பதினைந்து வருஷத்தில் ஒரு கொள்கை என்னவெல்லாம் சாதிக்கும், எங்கெல்லாம் கெடுக்கும் என்ற இரண்டையும் இங்கே பார்க்க முடியும்.

மின்சாரம் கத்தரிக்காய் மாதிரி சந்தையில் கொட்டி விற்கிற பொருள் அல்ல. நீங்கள் ஒரு சோலார் நிலையம் வைத்தால் அதை வாங்குவதற்குப் பெரும்பாலும் ஒரே ஆள்தான் உண்டு: மாநில மின்வாரியம் அல்லது அதன் பகிர்மான நிறுவனம். 25 வருஷம் வாங்குகிறேன் என்று அவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். போட்ட பிறகு மாதாமாதம் பணம் வர வேண்டும். பேனல் எவ்வளவு மலிந்தாலும் இந்த இரண்டும் தானாக நடந்துவிடாது.

இதில் வட்டிக் கணக்கு ஒன்று இருக்கிறது. நிலக்கரி நிலையத்தில் செலவு வருஷா வருஷம் எரிபொருளாக வரும். சோலாரிலும் காற்றாலையிலும் எரிபொருள் கிடையாது. செலவு மொத்தமும் முதல் நாளிலேயே முடிந்துவிடுகிறது. அது பெரும்பாலும் கடன் பணம். ஒரு மெகாவாட் சோலாருக்கு 4 கோடி ரூபாய் ஆகிறது, முழுவதும் கடன் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 17 லட்சம் யூனிட் கிடைக்கும். வட்டி 9 சதவீதத்திலிருந்து 12 ஆனால், முதல் வருஷத்தில் 12 லட்சம் ரூபாய் கூடுதல். யூனிட்டுக்கு 70 பைசா. சூரியன் அதேதான், பேனல் அதேதான். ‘இந்த மாநிலத்தில் பணம் ஒழுங்காக வருமா, இரண்டு வருஷம் கழித்து விதியை மாற்றுவார்களா’ என்று வங்கிக்காரர் மனதில் எழும் சந்தேகத்தின் விலைதான் அந்த 70 பைசா. தேசியக் கொள்கையின் முதல் வேலை அந்தச் சந்தேகத்தைக் குறைப்பது. மானியம்கூட அதற்கு அப்புறம்தான்.

2010 ஜனவரியில் தேசிய சோலார் திட்டம் தொடங்கியபோது இதை ஓரளவு சரியாகவே செய்தார்கள். அந்த ஆண்டு நடந்த முதல் ஏலத்தில் (குறைந்த விலைக்கு மின்சாரம் தருகிறேன் என்பவர் ஜெயிக்கும் ஏலம் இது) சோலார் யூனிட் விலை சராசரியாக 12 ரூபாயை ஒட்டி வந்தது. எந்த மின்வாரியம் அந்த விலைக்கு வாங்கும்? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தேசிய அனல்மின் கழகத்தில் எந்த மாநிலத்துக்கும் ஒதுக்காமல் மத்திய அரசின் கையில் இருந்த மலிவான நிலக்கரி மின்சாரத்தை எடுத்து, எத்தனை மெகாவாட் சோலாரோ அத்தனை மெகாவாட் அதையும் சேர்த்துக் கட்டி விற்றார்கள். சோலார் பகலில் மட்டும் ஓடும், நிலக்கரி இரவும் பகலும் ஓடும். அதனால் யூனிட் கணக்கில் நிலக்கரி நாலு பங்கு, சோலார் ஒரு பங்கு. கலந்த விலை மின்வாரியம் தாங்குகிற அளவுக்கு இறங்கிவிட்டது. பெரிய மானியம் இல்லாமல், ஏற்கெனவே கையில் இருந்த ஒன்றை இடம் மாற்றி வைத்துச் செய்த காரியம் அது. எனக்கு மிகவும் பிடித்த கொள்கை யோசனைகளில் ஒன்று.

அடுத்து 2011-ல் இந்திய சூரிய ஆற்றல் கழகம், அதாவது செகி வந்தது. நிலையம் வைப்பவரிடம் செகி வாங்கும், மாநிலங்களுக்கு அது விற்கும். மாநிலம் பணம் தராமல் இழுத்தால் அடி முதலில் செகி மேல் விழும். நடுவில் மத்திய அரசு நிறுவனம் நிற்பதால் வங்கிகளுக்குத் தைரியம் வந்தது. நிலம், சாலை, துணை மின்நிலையம் எல்லாவற்றையும் தயார் செய்து தரும் சோலார் பூங்காக்களும் வந்தன. 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லா பூங்கா ஏலத்தில் விலை 2 ரூபாய் 44 பைசா. 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 1 ரூபாய் 99 பைசா. இந்தச் சரிவில் பெரும்பங்கு சீனத் தொழிற்சாலைகள் பேனல் விலையைக் குறைத்ததால் வந்தது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் அதே மலிவுப் பேனலை வைத்தும் கடன் வட்டி எகிறிக் கிடக்கும் நாடுகளில் இந்த விலை வரவில்லை.

கர்நாடகத்தின் பாவகடா பூங்காவில் செய்ததையும் சொல்ல வேண்டும். 2,050 மெகாவாட், சுமார் 13,000 ஏக்கர். வறட்சி தின்ற தாலுகா. நிலத்தைக் கையகப்படுத்தாமல் விவசாயிகளிடமே குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு வருஷம் 21,000 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு. பட்டா விவசாயியின் பேரிலேயே இருக்கிறது. சொந்த நிலம் இல்லாமல் கூலி வேலை பார்த்தவர்களுக்கு அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை என்பது உண்மையான குறை. ஆனாலும் கையகப்படுத்தலைவிட இது மேல்.

இனி கெடுத்த கதை. அதற்குக் காற்றாலைப் பக்கம் போக வேண்டும்.

ஆனி, ஆடியில் நெல்லையிலிருந்து நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் போங்கள். பணகுடி தாண்டி முப்பந்தல், ஆரல்வாய்மொழி வரும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பவர் கண்ணைத் திறக்க முடியாது. அப்படி ஒரு காற்று. ரோட்டின் இரண்டு பக்கமும் காற்றாடிகள். சற்றே உற்றுப் பார்த்தால் இரண்டு தலைமுறை தெரியும். குட்டையான கோபுரத்தில் சின்ன இறக்கை வேகவேகமாகச் சுற்றுவது தொண்ணூறுகளில் வைத்தது, 225 அல்லது 250 கிலோவாட். தூரத்தில் தென்னையைவிடப் பல மடங்கு உயர்ந்து நிதானமாகச் சுற்றுவது புதியது, இரண்டு, மூன்று மெகாவாட். நாட்டிலேயே மிக நல்ல காற்று வீசும் இடத்தை அந்தச் சின்ன இயந்திரங்கள் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒரு புதியது பழையதில் பத்தைத் தூக்கிச் சாப்பிடும்.

இது எப்படி நடந்தது? 1986-ல் தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில் சோதனைக்காக அரசு காற்றாலை வைத்தது. தொண்ணூறுகளில் மத்திய அரசு ஒரு வரிச் சலுகை தந்தது: காற்றாலையில் போட்ட முதல் முழுவதையும் முதல் வருஷமே தேய்மானம் என்று வரிக்கான வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். கோவை, திருப்பூர், ராஜபாளையம் நூற்பாலைக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். காற்று சீசனில் வரும் உபரி யூனிட்டை மின்வாரியத்தில் ‘பேங்க்’ செய்து வைத்து, காற்று இல்லாத மாதங்களில் மில்லுக்கு எடுத்துக்கொள்ளும் வசதியும் இருந்தது. தமிழ்நாடு காற்றாலையில் முன்னே நின்றதற்கு ஆரல்வாய்மொழிக் கணவாயும் பாலக்காட்டுக் கணவாயும் எவ்வளவு காரணமோ, அந்தத் தேய்மானமும் பேங்கிங்கும் அவ்வளவு காரணம்.

ஆனால் தேய்மானச் சலுகை இயந்திரத்தை நிறுத்தியதற்குத்தான், மின்சாரம் எடுத்ததற்கு அல்ல. மார்ச் 31-க்குள் கோபுரத்தை எழுப்பினால் போதும், வரி மிச்சம். எத்தனை யூனிட் வருகிறது என்பது இரண்டாம் கவலை. 2009-ல்தான் இதைத் திருத்தினார்கள். தேய்மானச் சலுகை வேண்டாதவர்களுக்கு, உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 பைசா ஊக்கத்தொகை. சரியான திருத்தம். மூன்று வருஷம் ஓடியது. 2012-ல் இரண்டையும் ஒரே நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். 2011-12-ல் 3,200 மெகாவாட் அளவுக்குப் புதிதாக வந்த காற்றாலை, அடுத்த வருஷம் 1,700-க்கு விழுந்தது. அப்புறம் இரண்டையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2016-17-ல் சாதனையாக 5,500 மெகாவாட் வந்தது. அந்த நிதியாண்டு முடியும் நேரத்தில் ஊக்கத்தொகை முடிந்தது, தேய்மானம் பாதியானது, நிர்ணய விலை போய் ஏலம் வந்தது. முதல் ஏலத்தில் விலை 3 ரூபாய் 46 பைசா. தமிழ்நாட்டில் அப்போது நிர்ணய விலை 4 ரூபாய்க்கு மேல். அடுத்த வருஷம் மறுபடியும் சுமார் 1,700 மெகாவாட்.

ஏலம் தப்பில்லை. அதுதான் விலையைக் குறைத்தது. ஆனால் பழைய கதவை மூடிவிட்டுப் புதிய கதவை ஆறு மாதம் கழித்துத் திறந்தால் நடுவில் நிற்பவர் என்ன செய்வார்? பெரிய கம்பெனி தாங்கும். இறக்கைக்கு வார்ப்பு செய்தவர், கோபுரத்துக்குத் தகடு வளைத்தவர், கிரேன் வாங்கி இ.எம்.ஐ. கட்டியவர், தளத்தில் வேலை கற்ற ஐ.டி.ஐ. பையன் தாங்க மாட்டார்கள். மூன்று வருஷம் கழித்து அரசு மறுபடி ‘வாருங்கள்’ என்று கூப்பிடும்போது அவர்களில் பாதிப்பேர் வேறு தொழிலுக்குப் போயிருப்பார்கள். சலுகையைக் குறைக்கலாம், நிறுத்தலாம்; வருஷத்துக்கு இவ்வளவு குறையும் என்று ஐந்து வருஷம் முன்னாலேயே எழுதி வைத்துவிட்டுக் குறைக்க வேண்டும்.

கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைப் பிறகு மாற்றுவது இதைவிட மோசம். 2019-ல் ஆந்திராவில் புதிய அரசு வந்ததும் பழைய காற்றாலை, சோலார் ஒப்பந்தங்களின் விலையைக் குறைக்க முயன்றது. ஒப்பந்த விலையைத்தான் தர வேண்டும் என்று 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் சொன்னது. நடுவில் போன வருஷங்களில் நிறுவனங்களின் பணம் முடங்கிக் கிடந்தது. அந்த அரசின் வாதத்தில் ஒரு நியாயமும் இருந்தது: முந்தையவர்கள் அதிக விலைக்கு ஒத்துக்கொண்டார்கள், மக்கள் ஏன் சுமக்க வேண்டும்? ஆனால் அதற்காக ஒப்பந்தத்தை உடைத்தால், அடுத்து வரும் ஒவ்வொரு ஏலத்திலும் அந்த மாநிலத்துக்கு யூனிட்டுக்குச் சில காசு கூடவே ஏறும். மக்கள் அதையும் சுமப்பார்கள்.

மின்வாரியங்களையே வில்லனாகக் காட்டவும் மனம் வரவில்லை. அவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்று பாருங்கள். தொழிற்சாலையிடம் அதிகக் கட்டணம் வாங்கி, அதில் விவசாயத்துக்கும் ஏழை வீட்டுக்கும் மலிவாகவோ இலவசமாகவோ தருவதுதான் இங்கே ஏற்பாடு. தொழிற்சாலை தன் கூரையில் சோலார் போட்டுக்கொண்டாலோ வெளியிலிருந்து நேரடியாக வாங்கினாலோ மின்வாரியத்துக்கு நல்ல கட்டணம் கட்டும் வாடிக்கையாளர் போகிறார், இலவச இணைப்பு அப்படியே இருக்கிறது. அதனால்தான் நெட் மீட்டருக்கு (கூரை மின்சாரத்தில் மிஞ்சுவதை மின்வாரியத்துக்குக் கொடுத்து பில்லில் கழித்துக்கொள்ளும் மீட்டர்) விண்ணப்பித்தால் இழுக்கிறார்கள். மேலே டெல்லியில் ஒரு கோடி வீட்டுக் கூரைக்குச் சோலார் என்று 2024-ல் திட்டம் அறிவித்து, மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமும் தரும்போது, கீழே பிரிவு அலுவலகத்தில் கோப்பு நகராததற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

இந்த முடிச்சை அவிழ்க்க எனக்குத் தெரிந்து நல்ல வழி, விவசாய ஃபீடரை, அதாவது துணை மின்நிலையத்திலிருந்து வயல் மோட்டார்களுக்குப் போகும் லைனை, முழுதாக சோலாருக்கு மாற்றுவது. பல மாநிலங்களில் மும்முனை மின்சாரம் வயலுக்கு இரவில்தான் வருகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, வரப்பில் பாம்பு கிடக்கிறதா என்று பார்த்துப் பார்த்து மோட்டார் போடப் போகிறவரை யோசித்துப் பாருங்கள். போட்டுவிட்டு அங்கேயே குந்தி இருக்க வேண்டும். கரண்ட் போய் வந்தால் மறுபடி போட வேண்டும். துணை மின்நிலையத்துக்குப் பக்கத்தில் ஐந்து, பத்து மெகாவாட் சோலார் வைத்து அந்த ஃபீடருக்கே கொடுத்தால் அவருக்குப் பகலில் கரண்ட். மின்வாரியத்துக்கு மலிவு மின்சாரம், நீண்ட தூரம் கொண்டுபோகும் இழப்பும் மிச்சம். அரசுக்கு இலவச மின்சாரத்தின் மானியச் சுமை குறைகிறது. விவசாயத்துக்கு சோலார் தர 2019-ல் மத்திய அரசு கொண்டுவந்த குசும் திட்டத்தில் இதற்கு இடம் உண்டு. மகாராஷ்டிரம் இதைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டது. மற்ற மாநிலங்கள் ஏன் இன்னும் தனித்தனி பம்புக்கு மானியம் கொடுப்பதிலேயே நிற்கின்றன என்பது எனக்கு ஆதங்கம்.

மின்வாரியங்கள் மின்நிலையங்களுக்கு வைத்த பாக்கியின் வசூலுக்கு 2022-ல் மத்திய அரசு கொண்டுவந்த தாமதக் கட்டண விதிகள் நன்றாகவே வேலை செய்தன. பழைய பாக்கியைத் தவணையில் கட்ட வழி, புதிய பில்லைக் காலத்தில் கட்டாவிட்டால் மின்சந்தையில் வாங்கும் கதவு அடைபடும். மானியம் ஒரு ரூபாய் இல்லை, விதி மட்டும்தான். அதே 2022-ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டத் திருத்தமும் வந்தது. மொத்த மின்சாரத்தில் இத்தனை பங்கு புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்ற கடமை 2003 மின்சாரச் சட்டத்திலிருந்தே வருகிறது. தவறிய மாநிலங்கள் பெரும்பாலும் தண்டனை இல்லாமல் தப்பின. இப்போது அதற்கு அபராதம் உண்டு. 2029-30-க்கு 43.33 சதவீதம் என்று வருஷவாரியாகப் பாதை போட்டிருக்கிறார்கள். அபராதம் உண்மையில் விழுகிறதா என்பதில்தான் இருக்கிறது விஷயம்.

சரி, பணமும் ஒப்பந்தமும் ஒழுங்காகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கம்பி? சோலார் நிலையத்தை ஒன்றரை வருஷத்தில் கட்டிவிடலாம். அதை ஊருக்குக் கொண்டுவரும் உயரழுத்தப் பாதைக்கு நாலைந்து வருஷம். நிலம், காடு, வழியில் நிற்கும் ஆயிரம் ஆட்சேபம். எனவே கம்பியை நிலையத்துக்கு முன்னாலேயே போட வேண்டும், அரசு திட்டமிட்டுச் சொல்லாமல் தனியார் தானாக அதைச் செய்ய மாட்டார். தென்னிந்திய மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியாகத்தான் நாட்டோடு முழுதாக இணைந்தது. அதுவரை ஆடியில் இங்கே காற்று மிஞ்சினால் வடக்கே அனுப்ப வழி மிகக் குறைவு. இன்று சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூர் வரை 6,000 மெகாவாட் கொள்ளும் 800 கிலோவோல்ட் நேர்மின் பாதை இருக்கிறது. அங்கிருந்து நிலக்கரி மின்சாரம் இங்கே வரும். காற்று மிஞ்சும்போது இங்கிருந்து அங்கே திருப்பி அனுப்பவும் முடியும்.

கம்பி பற்றாமல் போனாலும், வேறு மின்சாரம் மலிவாகக் கிடைத்தாலும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் போகும்: ‘பேக்டவுன் பண்ணுங்க’, அதாவது உற்பத்தியைக் குறையுங்கள். நல்ல வெயிலில் பேனல் சும்மா கிடக்கும். விதிப்படி இது கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டிய மின்சாரம். தமிழ்நாட்டில் சோலாரை இப்படி நிறுத்தச் சொன்ன வழக்கில், தொகுப்பின் பாதுகாப்புக்காக அல்லாமல் நிறுத்தியதற்கு இழப்பீடு உண்டு என்று 2021-ல் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. 2025-ல் ராஜஸ்தானிலும் கம்பி போதாமல் இதே நிலைமை பெரிய அளவில் வந்தது. அதே ஆண்டு ஏலம் முடிந்தும் வாங்க மாநிலம் கிடைக்காமல் 40,000 மெகாவாட்டுக்கும் மேலான திட்டங்கள் நின்றுகொண்டிருந்தன.

மாநிலங்கள் வாங்கத் தயங்கியதற்கு ஒரு காரணம், அவர்களுக்குப் பகல் மின்சாரம் போதும் போதும் என்றாகிவிட்டது. தட்டுப்பாடு சாயங்காலம் ஏழு மணிக்குத்தான். சூரியன் இறங்குகிறது, எல்லா வீட்டிலும் விளக்கும் ஃபேனும் ஏ.சி.யும் ஏறுகின்றன. இனி கொள்கை விலைக்கு வாங்க வேண்டியது அந்த நேரத்தைத்தான். இதற்கு மிகப் பழைய தொழில்நுட்பம் நம்மிடமே இருக்கிறது. ஆனைமலையில் காடம்பாறை நீரேற்று நிலையம், 400 மெகாவாட், எண்பதுகளிலிருந்து ஓடுகிறது. மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, வேண்டும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பது. இப்போது பேட்டரியும் வந்துவிட்டது. 2022-ல் செகி ஏலத்தில் பேட்டரிக்கு வாடகைபோல மெகாவாட்டுக்கு மாதம் சுமார் 10.8 லட்சம் ரூபாய் கேட்டார்கள். மூன்றே வருஷத்தில், மானியத்தோடு, 2 லட்சத்தை ஒட்டி இறங்கிவிட்டது. இனி சோலாரை மட்டும் தனியாக ஏலம் விடுவதை நிறுத்திவிட்டு, மாலை மின்சாரத்தையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பது என் கருத்து. கட்டணமும் நேரத்துக்கு நேரம் மாற வேண்டும். 2023 விதி அதைத்தான் சொல்கிறது: வெயில் நேரத்தில் 20 சதவீதமாவது குறைவு, உச்ச நேரத்தில் கூடுதல். மீட்டர் மாற்றாமல் அது நடக்காது.

பழைய காற்றாடிகளை மாற்றுவதற்கும் 2023-ல் தேசியக் கொள்கை வந்தது. ஆனால் முப்பந்தலில் ஒரு பெரிய இயந்திரம் வைக்க, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் பத்துச் சின்ன முதலாளிகள் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனிப் பட்டா, தனி ஒப்பந்தம், தனி பேங்கிங் உரிமை. ‘பழைய உரிமை போய்விடுமோ’ என்ற பயம் தீராமல் ஒருவரும் இயந்திரத்தைக் கழற்ற மாட்டார். இங்கேயும் அதே நம்பிக்கைப் பிரச்சினைதான்.

கடைசியாக நிலக்கரி. 2025-ன் நடுவில் நாட்டின் மொத்த மின்நிறுவு திறனில் பாதிக்கு மேல் புதைபடிவம் அல்லாதது ஆகிவிட்டது. 2030-க்கு வைத்த இலக்கு ஐந்து வருஷம் முன்னாலேயே. பெருமைப்படலாம். ஆனால் நிறுவுதிறன் வேறு, ஓடும் மின்சாரம் வேறு. யூனிட் கணக்கில் இன்றும் ஏறத்தாழ 70 சதவீதம் நிலக்கரி. 2010-ல் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் செஸ் போட்டு, அதைத் தூய எரிசக்தி நிதிக்கு என்றார்கள். 2016-ல் அது 400 ரூபாய் ஆனது. முதல் எட்டு வருஷத்தில் வந்தது சுமார் 86,000 கோடி. நிதிக்குப் போய்ச் சேர்ந்தது அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தப் பணம் மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டப் போனது. 2025 செப்டம்பரில் செஸ்ஸையே எடுத்துவிட்டு, நிலக்கரிக்கு ஜி.எஸ்.டி.யை 5-லிருந்து 18 சதவீதமாக்கினார்கள். தூய எரிசக்திக்கு என்று பேர் சொல்லி வசூலித்த வரி இப்படிக் கரைந்துபோனதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அந்தப் பணம் போக வேண்டிய இடம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஜார்க்கண்டில் தன்பாத், ராம்கர் பக்கம் விடியற்காலையில் ரோட்டைப் பார்த்தால், ஒரு சைக்கிளில் இருநூறு கிலோவுக்கும் மேல் நிலக்கரி மூட்டை கட்டி, ஏற முடியாமல் தள்ளிக்கொண்டே பல கிலோமீட்டர் நடக்கிறவர்கள் வரிசையாகப் போவார்கள். சுரங்கத் தொழிலாளிக்காவது பி.எஃப்., சங்கம், பேச்சுவார்த்தை உண்டு. இவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அங்கே டீக்கடை, லாரி, ரயில்வேயின் சரக்கு வருமானம், மாநிலத்தின் ராயல்டி எல்லாம் அதே நிலக்கரியில்தான் நிற்கின்றன. காற்றாலைக்காரரிடம் சொல்லாமல் கதவை மூடியதை இவர்களிடமும் செய்யக் கூடாது. எந்தச் சுரங்கம் எந்த வருஷம் மூடும் என்று குறைந்தது பத்து வருஷம் முன்னாலேயே அந்த ஊரிலேயே ஒட்ட வேண்டும். அந்தப் பத்து வருஷத்துக்கும், அந்த மாவட்டத்துக்கென்றே, வேறு எதற்கும் திருப்ப முடியாதபடி சட்டத்தில் எழுதிய ஒரு நிதி வேண்டும்.